உயிர்போல் நிற்கும் உருவங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே அமைந்த ஊர் இனயம். அரபிக்கடலின் அலையோசை இரவும் பகலும் ஓயாத ஊர் அது. தென்னை நிழலில் வீடுகள் நெருங்கி நிற்கும். மணல்மீது வள்ளங்கள் கிடக்கும். வலைகள் வெயிலில் உலரும். கடலே இவ்வூர் மக்களின் வயல்; மீனே அவர்தம் விளைச்சல். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியே இக்கடற்கரைக்குக் கத்தோலிக்கச் சமயம் வந்தது. 1544ஆம் ஆண்டில் சவேரியார் இக்கரையோர மீனவரிடையே திருப்பணி புரிந்தார். இன்றும் இக்கரையின் மீனவர் ஊர்களில் ஆலயக் கோபுரமே கடலிலிருந்து மீள்வோர் கண்ணில் முதற்கண் படும் அடையாளமாக விளங்குகின்றது.

பெரிய வெள்ளிக்கிழமையன்று கத்தோலிக்க ஆலயங்களில் மணி ஒலிப்பதில்லை. பீடத்தின் விரிப்புகளும் விளக்குகளும் அகற்றப்பட்டிருக்கும். அன்று, கடற்கரை ஊர்கள் பலவற்றில், சிலுவையில் உயிர்நீத்த இயேசுவின் சுரூபத்தை ஆசந்தியில் கிடத்துவர். ஆசந்தி என்பது அத்திருவுருவைச் சுமந்து செல்லும் பாடையாகும். வெளிறிய முகம், பாதி மூடிய இமைகள், முள்முடி பதிந்த நெற்றி, ஆணி துளைத்த பாதங்கள் ஆகிய யாவும் மெய்யுடலையே ஒத்திருக்கும். மக்கள் வரிசையாக வந்து அப்பாதங்களை முத்தி செய்வர். அவ்வேளையில் முதியோர் விம்முவர். அன்னையர் முந்தானையால் கண்ணைத் துடைப்பர். சிறுவரோ தாயின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, அருகிற் செல்ல அஞ்சுவர்.

அவ்வுருவம் மரத்தாலோ சுண்ணத்தாலோ ஆயது என்பதை அறியாதார் அங்கு எவருமிலர். அங்ஙனமாயின், உயிரற்ற பொருள் ஒன்றைக் கண்டு பெரியோர் அழுவதேன்? சிறியோர் அஞ்சுவதேன்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், சிற்பியின் பட்டறைக்குள்ளும் மனித மனத்திற்குள்ளும் ஒருங்கே புகுந்து பார்த்தல் வேண்டும்.

மரம் உடலான விதம்

இத்தகைய உருவங்களை ஆக்கும் கலை 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் உச்சநிலை எய்தியது. அங்கே வல்லடோலிடு நகரில் வாழ்ந்த கிரகோரியோ பெர்னாண்டஸ் என்னும் சிற்பி, இறந்து கிடக்கும் கிறிஸ்துவின் உருவங்கள் பலவற்றைச் செதுக்கினார். மரம் வெடியாதிருத்தற்பொருட்டு அதன் உட்புறத்தைக் குடைந்தெடுப்பர். பின்னர் வெண்சுண்ணத்தைப் பசையுடன் குழைத்துப் பல முறை பூசி, வழவழப்பாக்குவர். அதன்மீது தோலின் நிறம் தீட்டப்படும். கண்ணுக்குக் கண்ணாடி, பல்லுக்குத் தந்தம், நகத்துக்குக் கொம்பு என ஏற்ற பொருள்களைப் பதிப்பர். உறைந்த குருதியும் கிழிந்த தசையும் மெய்யாகவே தோன்றுமாறு காயங்களில் நெட்டி போன்ற மென்மையுடைய மரப்பட்டையை ஒட்டி வண்ணமிடுவர்.

அந்நாளில் செதுக்குவோர் வேறு, வண்ணம் தீட்டுவோர் வேறு. செவீயா நகரத்துச் சிற்பி மார்ட்டினஸ் மொந்தான்யேஸ் செதுக்கிய உருவங்களுக்குப் பிரான்சிஸ்கோ பச்சேகோ என்னும் ஓவியர் வண்ணம் தீட்டினார். பளபளக்கும் வண்ணம் உருவத்தைப் பீங்கான்போல் காட்டிவிடும் என்றும், ஒளி மழுங்கிய வண்ணமே தசையின் இயல்பைத் தரும் என்றும் அவர் கருதினார். உயிருடைய தோல் ஒளியை முற்றும் திருப்பி அனுப்புவதில்லை. சிறிது உள்ளே வாங்கிக்கொள்கின்றது. இந்நுட்பத்தை உணர்ந்தமையாலேயே அவர் தீட்டிய மேனி, தொட்டால் வெதுவெதுக்குமோ என்று ஐயுறச் செய்கின்றது.

காண்போர் உள்ளத்தைக் கரையச் செய்வதே அக்கலைஞரின் நோக்கம். எழுத்தறியாத ஏழையும் ஏட்டின் உதவியின்றி அத்துன்பத்தைத் தன் கண்முன் நிகழ்வதாக உணர்தல் வேண்டும் என அவர்கள் எண்ணினர். கடல் கடந்து சென்ற சமயத்துடன் அக்கலையும் பல நாடுகளின் கரையை அடைந்தது.

தமிழ்ச் சிற்பியின் நெறி

தமிழகச் சிற்பிகள் மேற்கொண்ட நெறி இதனின்று பெரிதும் வேறுபட்டது. தெய்வ உருவங்களை வடிக்குங்கால் அவர்கள் எலும்பையும் நரம்பையும் காட்டுவதில்லை. தாளம் என்னும் அளவு முறைப்படி முகம், மார்பு, கை, கால் ஆகியவற்றை வகுத்து, முதுமையும் நோயும் தீண்டாத மேனியை அமைத்தனர். சோழர் காலத்து ஆடவல்லான் திருமேனியைக் காண்போர், அங்கே ஒரு மனிதன் நிற்பதாக மயங்குவதில்லை. மனிதனினும் மேலான ஒன்று நிற்பதாகவே உணர்கின்றனர். உண்மைத் தோற்றத்தினின்று விலகி நின்றே உள்ளத்தை உயர்த்தும் கலை அது.

ஆயினும், மெய்யுடலின் நலிவைக் காட்ட அவர்கள் அறியாதவரல்லர். காரைக்காலம்மையாரின் செப்புத் திருமேனிகளே இதற்குச் சான்று. அழகிய வடிவை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற அவ்வம்மையாரை, விலா எலும்புகள் தோன்ற, மார்பு வற்ற, தோள்கள் மெலிய அமைத்தனர். அவ்வுருவின் முன் நிற்போர்க்கு முதலில் திகைப்பும், பின்னர் இரக்கமும், இறுதியில் வியப்பும் தோன்றும். நாயக்கர் காலத்தில் கல்லிலும் இம்முயற்சி வளர்ந்தது. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கிருஷ்ணாபுரம் கோயிலின் தூண் சிற்பங்களில் நகமும் நரம்பும் விளங்கச் செதுக்கிய திறத்தைக் காண்போர் வியந்து நிற்பர்.

உருவ ஒப்புமை எத்துணைக் கொடிய உணர்ச்சியையும் எழுப்ப வல்லது என்பதற்கு மதுரையில் ஒரு செவிவழிக் கதை வழங்குகின்றது. திருமலை நாயக்கர் மீனாட்சியம்மன் கோயிலின் முன்னே புதுமண்டபத்தை எடுப்பித்தார். அங்கு நாயக்க மன்னரின் உருவச் சிலைகள் அமைந்தன. அரசியின் சிலையைச் செதுக்கும்பொழுது, தொடையில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. சிற்பி வேறு கல் எடுத்துச் செதுக்கினான். மீண்டும் அவ்விடத்திலேயே சில்லு பெயர்ந்தது. அமைச்சராகிய நீலகண்ட தீட்சிதர், "அரசிக்கு அவ்விடத்தில் மறு இருத்தல் கூடும், அப்படியே விடுக" என்றார். இதனைக் கேள்வியுற்ற மன்னர், ஆடை மறைக்கும் இடத்து மறுவை அமைச்சர் எவ்வாறு அறிந்தார் எனச் சினந்து, அவரைத் தண்டிக்கத் துணிந்தார். அதனை ஞானத்தால் உணர்ந்த தீட்சிதர், கற்பூரச் சுடரால் தம் கண்களைத் தாமே அவித்துக்கொண்டார் என்றும், மன்னர் பிழையுணர்ந்து வருந்திய பின்னர் அம்மையைப் பாடிப் பார்வை பெற்றார் என்றும் அக்கதை கூறும்.

இது வரலாறு அன்று. மக்கள் கூறிவந்த கதையே. எனினும் இதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. இலக்கணப்படி அமைந்த சிலை எவரையும் சினமூட்டாது. ஒரு சிறு மறு மட்டும் மெய்யுடலோடு ஒத்துவிட்டால், கல் கல்லாக நில்லாமல் அவ்வாளாகவே ஆகிவிடுகின்றது. அங்ஙனம் ஆனவுடன் அன்பும் அழுக்காறும் அச்சமும் அதனைச் சூழ்கின்றன.

கண் திறக்கும் வேளை

உருவம் உயிர்பெறும் அந்நொடியை முன்னோர் பெருங் கவனத்துடன் கையாண்டனர். தமிழகத்தில் திருமேனியின் பிற உறுப்புகள் யாவும் முற்றுப்பெற்ற பின்னரே கண்ணைத் திறப்பது மரபு. நல்வேளை பார்த்து, வழிபாடு செய்து, தலைமைச் சிற்பி பொன்னாலாகிய கருவியால் கண்ணின் கோட்டை வரைந்து முடிப்பார். இலங்கையின் பௌத்த விகாரைகளில் இச்சடங்கு இன்னும் கடுமையானது. அங்கே கைவினைஞர் புத்தர் உருவின் கண்ணை நேரே நோக்குவதில்லை. கண்ணாடியில் அதன் நிழலைப் பார்த்துக்கொண்டே தீட்டுவார். புதிதாய்த் திறந்த கண்ணின் முதற் பார்வை பொறுத்தற்கரியது என்பது அவர்தம் நம்பிக்கை. 1908ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஆனந்த குமாரசுவாமி இச்சடங்கை விரித்துரைத்துள்ளார்.

கண்ணில்லாத சிலை பொருள்; கண்ணுள்ள சிலையோ எதிர்நோக்கும் ஓர் ஆள். இவ்வுண்மையை அறிவியல் ஆராய்வதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே கைவினைஞர் தம் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர்.

அறிவு ஒன்று சொல்ல, கண் ஒன்று சொல்ல

பிறந்து சில நாளே ஆன குழவியும் முகம் போன்ற வடிவை நோக்கித் தன் பார்வையைத் திருப்பும். மனித மூளையின் அடிப்புறத்தில் முகங்களை அறிவதற்கெனவே சிறப்பாகத் தொழிற்படும் பகுதி ஒன்று உண்டு. எதிரே இருப்பது நட்போ பகையோ, துயிலோ சாவோ என்பதை முகத்தைக் கண்டு விரைந்து அறிதல் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாததன்றோ? ஆதலின், முகத்தைக் கண்டவுடன் எண்ணிப் பார்ப்பதற்கு முன்னரே உணர்ச்சி எழுந்துவிடுகின்றது.

உயிர்போன்ற சிலையைக் காணும்பொழுது இவ்விரைவே குழப்பத்தை விளைக்கின்றது. "இவன் மனிதன்" என்று கண் அறிவிக்கின்றது. "இது மரம்" என்று அறிவு மறுக்கின்றது. மூச்சு வரும் என மனம் காத்திருக்கின்றது, மூச்சோ வருவதில்லை. 1906ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் என்னும் ஜெர்மானிய மனநல மருத்துவர் இதனை ஆராய்ந்தார். ஒன்று உயிருடையதோ அற்றதோ எனத் துணிய இயலாத ஐயமே இனம்புரியாத அச்சத்தை எழுப்புகின்றது என அவர் கூறினார். மெழுகுச் சிலைகளை அதற்கு எடுத்துக்காட்டாகவும் காட்டினார்.

1970ஆம் ஆண்டில் ஜப்பானியப் பேராசிரியர் மசாகிரோ மோரி இக்கருத்தைத் தெளிவான ஒரு வரைகோடாக அமைத்தார். மனிதனோடு சிறிதே ஒத்த பொம்மையின்மீது சிறிது பரிவு தோன்றும். ஒப்புமை வளர வளரப் பரிவும் மலையேறுவதுபோல் வளரும். ஆனால் முழு ஒப்புமையை நெருங்கும் வேளையில் அக்கோடு திடுமெனப் பள்ளத்தில் வீழ்ந்துவிடும். அங்கே பரிவு மறைந்து அருவருப்பும் அச்சமும் குடிகொள்ளும். மெய்க்கையைப் போன்றே செய்த செயற்கைக் கையை அவர் சான்றாகக் காட்டினார். கையெனக் கருதிப் பற்றியவர், அதன் குளிர்ச்சியையும் எலும்பற்ற மென்மையையும் உணர்ந்தவுடன் நடுங்குவர்.

குமரி மாவட்டத்தில் வழங்கிவரும் தோற்பாவைக் கூத்தை இதனோடு ஒப்பிட்டால் கருத்து இன்னும் விளங்கும். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணமிட்ட இராமனும் சீதையும் மெய்ம்மனிதரைச் சிறிதும் ஒத்தவரல்லர். ஆயினும் விளக்கொளியில் திரைமீது அவர் அசைய, பாடலும் உரையும் சேர, மக்கள் அவர்க்காக அழுவர், எவரும் அஞ்சுவதில்லை. ஏனெனில், அங்கே குறைவுபட்ட உருவத்தைக் காண்போரின் கற்பனையே நிறைவு செய்கின்றது. மெழுகுச் சிலையிலோ கற்பனைக்கு வேலையில்லை. உயிர் ஒன்றே குறைவு. அக்குறை பூதாகாரமாகத் தோன்றுகின்றது.

மெழுகும் சிலிக்கனும்

மெழுகுருவங்களால் உலகப் புகழ் பெற்றவர் மேரி துசோ அம்மையார். 1761ஆம் ஆண்டில் பிறந்த இவர், பிரெஞ்சுப் புரட்சியின்போது தலை கொய்யப்பட்டோரின் முகங்களை அச்செடுக்குமாறு தாம் வற்புறுத்தப்பட்டதாகக் கூறினார். 1802ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குச் சென்று, ஊர்தோறும் தம் உருவங்களைக் காட்டி, 1835ஆம் ஆண்டில் இலண்டனில் நிலையான காட்சிச்சாலையை நிறுவினார். மன்னரைக் காணவும் கொலைஞரைக் காணவும் மக்கள் ஒரே கூடத்தில் திரண்டனர்.

20ஆம் நூற்றாண்டில் இக்கலை புதுவழியிற் சென்றது. அமெரிக்கச் சிற்பி டுவேன் ஹான்சன் மன்னரையும் வீரரையும் விடுத்து, கடைத்தெருவில் வண்டி தள்ளும் பெண்ணையும், களைத்த தொழிலாளியையும், முதிய பயணியரையும் உயிருள்ளோரின் உடலிலிருந்தே அச்செடுத்து வடித்தார். அவற்றை மெய்ம்மனிதர் என்றே கருதி ஏமாந்தோர் உண்டு. அன்றாடம் தெருவில் கண்டும் காணாமற் சென்ற எளியோரை, சிலையாக நின்றவுடன் மக்கள் நின்று நோக்கினர். அக்களைப்பையும் தனிமையையும் அப்பொழுதுதான் கண்டனர்.

1958ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பிறந்த ரான் மியூக் என்பார், பொம்மை செய்வோரின் மகனாவார். இவர் களிமண்ணில் உருவைச் செய்து, அச்செடுத்து, சிலிக்கன் முதலிய பொருள்களால் வார்த்து, உரோமங்களை ஒவ்வொன்றாக நடுகின்றார். ஆயின் மனித அளவில் மட்டும் அமைப்பதில்லை. பெரிதாக்குகின்றார் அல்லது சிறிதாக்குகின்றார். குந்தியிருக்கும் சிறுவன் ஒருவனை ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் அமைத்தார். 1997ஆம் ஆண்டில் இலண்டனில் காட்சிக்கு வைத்த உருவமோ, இறந்து கிடக்கும் தம் தந்தையின் உருவம். அது 1 மீட்டரை ஒட்டிய நீளமே உடையது. தந்தையின் தலையில் சிற்பி நட்டது தம் சொந்த முடியையே.

அவ்வளவு சிறிய உருவத்தை எவரும் மெய்யுடல் என மயங்கார். எனினும் அதன்முன் குனிந்து நோக்குவோர் வாயடைத்து நிற்கின்றனர். மகவைத் தோளிற் சுமந்த தந்தை, இறந்தபின் மகன் கண்ணுக்குக் குழந்தைபோல் சிறுத்துவிடுகின்றான் என்னும் துயர உண்மையை அவ்வளவே உணர்த்துகின்றது. வெறும் ஒப்புமை ஏமாற்றும். அளவாற் சிறிது விலகிய ஒப்புமையோ உண்மையைக் காட்டும்.

ஆறுதலா, மயக்கமா?

இக்கலை இன்று காட்சிச்சாலைகளோடு நின்றுவிடவில்லை, வீட்டுக்குள்ளும் புகுந்துள்ளது. 2020ஆம் ஆண்டில் கருநாடக மாநிலத்தில் ஒருவர், விபத்தில் இறந்த தம் மனைவியின் உருவைச் சிலிக்கனில் செய்வித்து, புதுமனை புகுவிழாவில் பட்டுடுத்தி இருக்கையில் அமர்த்தினார். வந்தோர் ஒரு கணம் அப்பெண்மணி உயிரோடு இருப்பதாகவே எண்ணித் திகைத்தனர். அவ்வீட்டை விரும்பியவர் அவரே. அவரின்றிக் குடிபுகுதல் கணவருக்கு இயலவில்லை போலும்!

இச்செயலைப் புகழ்ந்தோரும் உண்டு. மனம் கலங்கியோரும் உண்டு. இருவரையும் குறைகூறுதற்கில்லை. இறந்தோரின் முகத்தை மீண்டும் காணும் ஆவல் மனித இயல்பு. நடுகல்லும் நிழற்படமும் அவ்வாவலிற் பிறந்தவையே. ஆனால் நிழற்படம் "இருந்தார்" என்று கூறுகின்றது. உயிர்போன்ற உருவமோ "இருக்கின்றார்" என்று கூறத் துணிகின்றது. பிரிவை ஏற்றுக்கொள்ளத் துணைபுரியின் அவ்வுருவம் மருந்தாகும். ஏற்காதிருக்கத் துணைபுரியின் மயக்கமாகும்.

மீண்டும் கடற்கரையில்

2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள், ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது. குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. அலையில் ஒதுங்கிய உடல்கள் சிலவற்றை மரபணுச் சோதனையாலன்றி அடையாளம் காண இயலவில்லை. பலருடைய உடல் இறுதிவரை கிடைக்கவேயில்லை. உடலைக் கண்டு அழுது, குளிப்பாட்டி, சுமந்து சென்று அடக்கம் செய்தலே பிரிவைத் தாங்கும் வழியென மனித குலம் தொன்றுதொட்டு அறிந்துள்ளது. அவ்வழியும் அடைபட்ட குடும்பங்களின் துயரை எச்சொல்லால் அளப்பது?

கடல் உடலைத் திருப்பித் தராத துயரம் இக்கரைக்குப் புதிதன்று. இதனை எண்ணிப் பார்ப்போர்க்கு ஆசந்தியின் அருகே எழும் அழுகையின் ஆழம் ஓரளவு விளங்கும். அங்கே கிடப்பது மரமே. ஆயினும் அது தொடுதற்கு ஒரு பாதத்தைத் தருகின்றது. சுமப்பதற்கு ஓர் உடலைத் தருகின்றது. ஊரார் அனைவரும் கூடிநின்று அழுவதற்கு ஒரு வேளையைத் தருகின்றது. கூட்டத்தில் ஒருவர் கிறிஸ்துவின் பாடுகளை நினைந்து அழலாம். மற்றொருவர் கடலுக்குச் சென்று மீளாத மகனையும் உடன் நினைந்து அழலாம். இரு கண்ணீரையும் அவ்வுருவம் ஏற்றுக்கொள்கின்றது.

தாயின் கையைப் பற்றிக்கொண்டு விலகி நிற்கும் சிறுவனின் அச்சமும் பொய்யன்று. சாவு இத்தகையது என்பதை அவன் முதன்முறையாகக் காண்கின்றான். அவன் வளர்ந்தபின் அவ்வச்சமே இரக்கமாகக் கனியும். உயிர்போன்ற சிலை உயிரைத் தருவதில்லை. உயிரின் அருமையை உணர்த்துகின்றது. பிறர் உடலின் காயத்தைத் தன் உடலில் உணரும் ஆற்றலே மனிதப் பண்பின் வேர். அவ்வேருக்கு நீர் வார்க்கும்வரை, மரத்திலும் கல்லிலும் மெழுகிலும் மனித உருவை வடிக்கும் சிற்பியின் கை வணக்கத்திற்குரியதே ஆகும்.